நூற்று நாற்பது படிக்கு மேலே ஒரு வீல் செயார்

பதுளை பஜாரில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். அதுதான் நான் வேலை செய்யும் இடம். முதியவர்களையும் படுக்கையில் விழுந்தவர்களையும் அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள நாங்கள் ஆட்களை அனுப்புகிறோம். நடத்துபவர் ஓய்வுபெற்ற தாதி. ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். நான் தாதியும் இல்லை, ஒன்றும் இல்லை. போன் எடுப்பது, கேட்பது, எழுதுவது, யாரை எந்த வீட்டுக்கு அனுப்பலாம் என்று பொருத்தம் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை.

இதில் கேட்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். சின்ன வயதில் வாப்பாவின் புடவைக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் யாருக்குக் கல்யாணம், மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்துப் பழகிய வாய் இது. யாராவது போன் செய்து தகப்பனுக்குப் பக்கவாதம், ஆள் வேண்டும் என்றால், அவர் எத்தனை மணிக்கு எழும்புவார், தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி, யாரோடு கோபம், எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பார் என்று ஆரம்பித்துவிடுவேன். சிஸ்டர் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "நீ நோயாளியப் பத்தி விசாரிக்கிறியா, சம்பந்தம் பேசுறியா?"

எங்களிடம் வேலை செய்யும் பெண்களில் பாதிக்கு மேல் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அந்தத் தோட்டங்களுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது சிஸ்டரின் பிடிவாதம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவோம். பிரஷர் பார்ப்போம், சீனி பார்ப்போம், படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொடுப்போம். நான் பதுளையில் பிறந்து பதுளையிலேயே வளர்ந்தவள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை மலைதான். ஆனாலும் இந்த வேலைக்கு வரும்வரை தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஒரு லயத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

போன வருஷம் எங்களுக்கு ஒரு வீல் செயார் கிடைத்தது. நாங்கள் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஒரு பெரியவரின் பிள்ளைகள், அவர் மௌத்தான பிறகு அதை எங்களிடமே தந்துவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் சிஸ்டருக்கு யோசனையே தேவைப்படவில்லை. எங்கள் பெண்களில் ஒருத்தி, நாற்பதை நெருங்கியவள், பதுளையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தோட்டத்தில் மேட்டு லயத்தில் இருந்தார். கொழுந்து எடுத்த காலத்தில் சறுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு லயத்தில் அவர்களுக்கு உள்ள அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் நடப்பார், அதற்கு மேல் முடியாது. பகலெல்லாம் மருமகள் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட, தனியாகத்தான் இருப்பார்.

வீல் செயாரைக் கோயில் கமிட்டியிடம் தோட்டத்துக்குப் பொதுவாகக் கொடுத்தோம், முதலில் அந்த அம்மா பாவிப்பது என்று பேச்சு. கோயில் முன்னால் சின்னதாக ஒரு கூட்டம். சிஸ்டருக்குப் பொன்னாடை, எனக்கு ஒரு மாலை, எல்லாருக்கும் வடையும் பிளேன்டீயும். போட்டோவைப் பெரிதாக்கி ஆபிஸ் சுவரில் மாட்டினோம். வருகிற போகிறவர்களிடம் அதைக் காட்டி நானும் கொஞ்சம் பெருமையடித்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவின் மகள் ஒரு நாள் லீவு கேட்டாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறதாம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"இது மூணாவது திகதி மிஸ். இதுவும் தவறிப்போச்சுன்னா மறுபடி மொதல்லருந்து வரிசையில நிக்கணும்" என்றாள்.

"முந்தின ரெண்டும் ஏன் தவறினது?"

"மொதத் தடவ மழைன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டாவது தடவ வேன் வரலையாம்."

வேன் எங்களுக்கு வழக்கமாக ஓடுகிற வேன். ஓட்டுபவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் போனதும் அவருக்கு போன் போட்டேன். அன்றைக்குக் காலையிலேயே போய் ரோட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றதாகவும், யாரும் இறங்கி வரவில்லை என்றும் சொன்னார்.

அப்படியென்றால் அந்த அம்மா மகளிடம் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. கண் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாத மனுஷர் யார்? ஞாயிற்றுக்கிழமை உம்மாவிடம் ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

ரோட்டிலிருந்து மேட்டு லயத்துக்குப் படிக்கட்டு. முதல் தடவை கூட்டத்தோடு பேச்சுப் பராக்கில் ஏறியதால் அதை நான் கவனித்திருக்கவில்லை. இப்போது எண்ணிக்கொண்டே ஏறினேன். நூற்று நாற்பது வரைக்கும் கணக்கு இருந்தது, பிறகு மூச்சு வாங்கியதில் விட்டுப்போயிற்று. சில படிகளுக்குக் கல் இருந்தது, சிலவற்றுக்கு வெறும் மண்தான்.

மேலே ஏறியதும் கோயில். பக்கத்தில் சாமான் அறை, கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெரிய பொலிதீன் உறைக்குள் நம்முடைய வீல் செயார். கைப்பிடியில் மஞ்சளும் குங்குமமும். சக்கரத்தில் ஒரு பொட்டு மண் இல்லை.

கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். "வாங்க மிஸ். ரொம்ப நல்ல செயாருங்க. ஒரு கீறல் விழாம வச்சிருக்கோம்."

"யாரும் பாவிக்கிறதில்லையா?"

"அதுக்கென்னங்க, பாவிக்கலாம். நல்லாத்தான் இருக்கு."

வழியில் பார்த்த இரண்டு பேரிடமும் கேட்டேன். அவர்களும் நல்லா இருக்குங்க என்றுதான் சொன்னார்கள். வந்தவர்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு தோட்டமே சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இந்தப் படியில் வீல் செயார் எப்படி உருளும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களில் ஒருவரும் சொல்லவும் இல்லை. ஆபிஸ் சுவரில் இருக்கும் போட்டோ அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிஸ்டருக்குப் பின்னால் நாலு பேர் சட்டை நனைந்து வியர்த்து நிற்பார்கள். வெயில் என்று நினைத்திருந்தேன். அவர்கள்தான் அந்தச் செயாரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த அம்மா காம்பரா வாசலில், வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் உடனே, "எம் மக நல்லா இருக்காளா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"வேன் வந்ததே அம்மா. நீங்க ஏன் வரல்ல?"

"எப்படி வர்றதுங்க? கம்பளியிலதான் எறக்குவாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கச் சொன்னேன். இந்த லயத்தில் நடக்க முடியாதவர்களைக் கம்பளியில் படுக்கவைத்து, இரண்டு முனையையும் ஒரு கம்பில் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவருடைய புருஷனையும் அப்படித்தான் இறக்கினார்கள். ரோட்டுக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. பக்கத்துக் காம்பராவில் ஒருவர், அதற்குமுன் இன்னொருவர்.

"கம்பளியில எறங்குனவங்க யாரும் ஏறி வந்து நான் பாத்ததில்லங்க. கண்ணு போனா போவுது. மக கிட்ட இதச் சொன்னா அவ அங்க வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துக்குவா."

பதுளையில் வாத்தியாரைத் தினமும் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிற கை அவள் கை. பெற்ற தாயை ரோட்டுவரை கொண்டுவர அந்தக் கையால் முடியவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப எப்படிக் கொண்டுபோனா வருவீங்க?"

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"உக்காந்துகிட்டுன்னா வருவேன். படுத்துகிட்டு வரமாட்டேன்."

நான் எழும்பி நேராகத் தலைவரிடம் போனேன். திருவிழாவில் உங்கள் சாமி உட்கார்ந்துதானே ரோட்டுக்கு இறங்குகிறது, எப்படி இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். மனுஷருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெட்டையானவர்கள் முன்னால் போக வேண்டுமாம். முன்னால் போகிறவர்களுக்குத் தோளில் தண்டு, பின்னால் வருகிறவர்கள் கையைத் தொங்கவிட்டு இடுப்பளவில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் சாமி சரியாமல் இருக்கும். எத்தனையோ திருவிழாவில் ஒரு பூகூட விழுந்ததில்லை என்றார்.

"அப்படியே அந்த அம்மாவ வீல் செயாரில வச்சு இறக்க ஏலாதா?"

அவர் முகம் மாறிவிட்டது. கோயிலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். எனக்கும் பயம்தான். வேறு மார்க்கத்துக்காரி நான், அவர்கள் சாமி விஷயத்தில் அளவுக்கு மீறி வாய் விட்டுவிட்டேனோ என்று.

"சாமித் தண்டத் தரமுடியாதுங்க மிஸ்" என்றார் கடைசியில். "சாமி தூக்குற ஆளுங்களத் தர்றேன். மூங்கில் வெட்டிக்குவோம்."

செவ்வாய்க்கிழமை வாத்தியார் வீட்டு வேலையைச் சிஸ்டர் தானே ஏற்றுக்கொண்டார். மகளும் நானும் விடியக்காலையில் மேலே போனோம். வீல் செயாரின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தார்கள். அம்மா புதுச் சேலை உடுத்தியிருந்தார். மகள் ஒரு துணியால் அவர் இடுப்பைச் செயாரோடு சேர்த்துக் கட்டினாள், வாத்தியாருக்குக் கட்டுகிற அதே கட்டு. ஆறு பேர் தூக்கினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தலைவர் மட்டும் முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டு, கல், மண், கல் என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அம்மா, "எது வரைக்கும் வந்திருக்கோம்?" என்று கேட்டார். மகள் சொன்னாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். புருஷன் உயிர் போன இடம் எது என்று எனக்குத் தெரியாது. கடைசிப் படி தாண்டி, மூங்கிலை அவிழ்த்து, சக்கரம் முதல் தடவையாகத் தார் ரோட்டில் உருண்டபோதுதான் அவர் கைப்பிடியை விட்டார்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும்போது மகளோடு நானும் போயிருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நர்ஸ் பஞ்சை எடுத்தார். அம்மா முதலில் தன் கையைப் பார்த்தார், பிறகு ஜன்னலை. என் குரல் கேட்டு என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்த மிஸ்சு" என்று சிரித்தார். அப்புறம் மகள் பக்கம் திரும்பியவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. கையை நீட்டி அவள் காதோரத்து முடியைத் தொட்டார். நான் தினமும் பார்க்கிற தலைதான், அது இவ்வளவு நரைத்திருப்பதை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"எப்ப இப்புடி ஆன? போன்ல கேக்குறப்பல்லாம் நல்லா இருக்கேன்னுதானே சொன்ன."

மகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் அப்புடித்தானேம்மா சொன்ன."