என் தங்கச்சியின் கரண்ட் பில்

தங்கச்சியின் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று நான் சுவிட்சுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. வந்தவர்கள் சாமியறையைப் பார்த்தார்கள், தரையின் டைல்ஸைத் தடவிப் பார்த்தார்கள். நான் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று, வாயில் லட்டை அடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்தபோது யாரோ நீட்டிய இரண்டாவது லட்டை வேண்டாம் என்றேன்.

மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை. எனக்கு அவள்மேல் பொறாமை. என்னைவிட இரண்டு வயது இளையவள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவள். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு வளர்ந்தோம். நான் படித்துத் தமிழ் டீச்சரானேன். அவள் வெலிமடை மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்றும் லொறிக்காரரைக் கட்டிக்கொண்டாள். "பாவம், படிக்காததால் இப்படி" என்று அப்போது நான் மனதார வருத்தப்பட்டேன். அடுத்தவருக்காக வருத்தப்படுவது எவ்வளவு சுகமான வேலை என்று அது கைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. அந்த லொறிதான் பதுளை டவுனுக்குள் மாடி வீடு வாங்கியது, வாசலில் ரோஜாப் பாத்தியோடு, பின்னால் பலா மரத்தோடு. பட்டம் வாங்கிய நான், மாமனார் மாமியாரின் லயத்துக் காம்பராவில், குசினியைத் தகரம் போட்டு நீட்டிக்கொண்டு, கணவரோடும் மகளோடும் பதினோரு வருடமாக இருந்தேன்.

பால் காய்ச்சிவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பதுளையில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறவர். ஆணியைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் நம்புவார்.

"என்ன, பேச்சே இல்ல?"

"தலவலி."

"தலவலியா, வயித்தெரிச்சலா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் ஒரு வீடு கண்ணில் பட்டது. பதுளையில், மேட்டில், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. முற்றம் முழுக்கச் சீமெந்து, ஒரு புல் கிடையாது. என் சம்பளத்தைப் பார்த்து வங்கியும் கடன் தர ஒத்துக்கொண்டது. கணவர் மட்டும் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"லோன் தவணைய மட்டும் பாக்காத. வீட்டுக்குள்ள போனதும் மாசாமாசம் என்னென்ன வரும்னு கணக்குப் போட்டுக் காட்டு. சரியா வந்தா கையெழுத்து வைக்கிறேன்."

நியாயமான பேச்சுத்தான். ஒரு சீஆர் கொப்பியை எடுத்து, கோடு போட்டு, தலைப்பும் எழுதினேன். அதற்குக் கீழே எழுத எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. லயத்தில் தண்ணீர் என்றால் பீலி. மலையிலிருந்து வருகிறது, குடத்தை வைத்தால் நிறைகிறது, யாரும் பில் போடுவதில்லை. விறகு என்றால் கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு. லைட்டுக்குரிய காசை மாமியாரின் தோட்டச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், அது எவ்வளவு என்று நான் கேட்டதே இல்லை. நாற்பது வயதை நெருங்கியவள், பிள்ளைகளுக்கு வரவு செலவு பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கிறவள், பில் என்ற காகிதத்தை என் பேரில் கையில் பிடித்ததே கிடையாது.

"ஒன் தங்கச்சிகிட்ட கேளேன். அவ வீட்டுக்காரி, சொல்லுவா" என்றார் கணவர்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

கேட்கவில்லை. போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை போன் பண்ணிச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் எல்லா லைட்டும் எரிந்தன. மாடிப்படியில்கூட ஒன்று எரிந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து எனக்கு ஐஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பதுளைக் குளிரில் ஐஸ் தண்ணீர்! பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். அவள் ரோஜாவுக்குப் பக்கத்தில் காயும் உடுப்பை எடுக்கப் போன நேரத்தில், குசினிக் கதவுக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருந்த பில்களைப் புரட்டினேன். நாலு மாதத்துக் கரண்ட் பில். ஐம்பத்தாறு யூனிட், ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு. தண்ணீர் பில் அதைவிடக் குறைவு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் நுணுக்கி எழுதிக்கொண்டேன்.

இவ்வளவுதானா என்று ஒரு சந்தோஷம். சந்தோஷத்தோடு இன்னொரு புகைச்சல். கொடுத்து வைத்தவளுக்குக் கரண்ட்கூட மலிவாக ஓடுகிறதே!

அதே கம்பியில் இன்னொரு காகிதமும் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'சோலைவரி' என்று போட்டிருந்தது. தமிழ் டீச்சருக்குச் சோலை என்றால் தெரியாதா? பூஞ்சோலை, பசுஞ்சோலை, மாஞ்சோலை. ரோஜாப் பாத்திக்கும் பலா மரத்துக்கும் நன்றாகக் கட்டட்டும் என்று நினைத்தேன். நான் பார்த்து வைத்த வீட்டின் சீமெந்து முற்றத்தை அப்போதுதான் முதன்முதலாக மனம்விட்டு மெச்சினேன்.

கொப்பியைப் பார்த்த கணவர் புருவத்தைத் தூக்கினார். "முப்பத்தொரு சுவிச்சுக்கு ஐம்பத்தாறு யூனிட்டா? சரியாப் பாத்தியா?"

"அம்பது புள்ளைங்க கொப்பி திருத்துறவ நான். எனக்குப் பாக்கத் தெரியாதா?"

"இந்தச் சோலைவரி?"

"அது தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு. நமக்கு இல்ல."

கையெழுத்து வைத்தார்.

குடிபோகும் முன்பு சுவிட்சுகளை எண்ணினேன். இருபத்தொன்பதுதான் இருந்தன. வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டு வாசலில் இரண்டும், மொட்டை மாடியில் இரண்டும், படிக்கு ஒன்றும் கூட்டச் சொன்னேன். முப்பத்துநாலு. தங்கச்சி பால் காய்ச்ச வந்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்தாள், "லட்சணமா இருக்கக்கா" என்றாள். அன்று நான் நாலு லட்டு தின்றேன்.

முதல் மாதக் கரண்ட் பில் நூற்றி நாற்பத்தொரு யூனிட். மீட்டர் பார்க்க வந்தவர் அடுத்த வீட்டு இலக்கத்தை எழுதிவிட்டாரோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டு இலக்கம்தான். அறுபது யூனிட்டைத் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டுமில்லை, முதல் அறுபதுக்கும் சேர்த்து விலை ஏறும் என்று அடுத்த வீட்டுக்காரர் விளக்கினார். சுடுதண்ணி மெஷின், இஸ்திரிப் பெட்டி, தண்ணி மோட்டர் என்று நான் ஆசையாக வாங்கியதையெல்லாம் அவர் விரல் விட்டு எண்ணினார். தண்ணீர் பில்லும் கொப்பியில் இருந்ததைப் போல மூன்று மடங்கு. பீலியில் குளித்தவர்கள் குழாயைத் திறந்துவிட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தால் வேறென்ன வரும்?

மூன்றாம் மாதம் சோலைவரி வந்தது. பழைய வீட்டுக்காரர் கட்டாமல் விட்டிருந்த கால் வருடத்துத் தொகையும் சேர்ந்து வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வரி கட்டுகிற இடத்துக்கே போனேன்.

"எங்க வீட்ல ஒரு செடி கூட இல்லீங்க. வேணும்னா ஆள் அனுப்பிப் பாருங்க. முழுக்கச் சீமெந்து."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பெண் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"டீச்சர், இது தோட்டத்துக்கு இல்ல. வீட்டுக்கு. வீடு இருந்தா சோலைவரி இருக்கு."

"அப்ப ஏன் சோலைன்னு போட்டிருக்கீங்க?"

"அது தமிழ் டீச்சர்மார்தானே சொல்லணும்" என்றாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என்னை எந்தப் பாடசாலையில் பார்த்தாளோ!

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதை அத்தோடு முழுசாகப் புரிந்தது. சம்பளத்தில் தவணை போனது போக மிச்சத்தைப் பில்கள் தின்றன. நாலாம் மாதம் என் தங்கக் காப்பு அடகுக்குப் போனது. ஐந்தாம் மாதம் கணவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்று சொன்னார்.

"வீட்ட வாடகைக்குக் குடுத்துருவோம். நாம காம்பராவுக்கே போயிருவோம். லோன் முடிஞ்சதும் வரலாம்."

லோன் முடியப் பதினைந்து வருடம். காம்பராவுக்குப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் அங்கே வாழ்ந்தவள்தான். ஆனால் தங்கச்சி கேள்விப்படுவாள். அவள் வாயிலிருந்து "பாவம் அக்கா" என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லின் சுகம் எனக்குத் தெரியும். அதை அவளுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

முப்பத்தொரு சுவிட்சை வைத்துக்கொண்டு ஐம்பத்தாறு யூனிட்டில் அவள் எப்படி ஓட்டுகிறாள்? மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துவிட வேண்டும். ஒரு புதன்கிழமை பாடசாலை விட்டு, மேலதிக வகுப்பும் முடிந்து, போன் பண்ணாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

பொழுது மங்கிவிட்டது. வீடு இருட்டாக இருந்தது. யாரும் இல்லையோ என்று திரும்பிப் போகப் பார்த்தேன். பின்னாலிருந்து புகை வந்தது. சுற்றிக்கொண்டு போனேன். பலா மரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு, அதில் சோறு கொதிக்கிறது. லொறியில் வந்த விறகு ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. மேட்டு ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாயை இழுத்து, மூங்கில் துண்டு செருகி, பீலியே வைத்திருந்தாள்! குசினியில் ஒரே ஒரு பல்ப். அதன் கீழே பிள்ளைகள் இரண்டும் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரின் படுக்கையும் அந்த அறை மூலையிலேயே சுருட்டி வைத்திருந்தது. ஃபிரிட்ஜின் வயர் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

தங்கச்சி என்னைப் பார்த்ததும் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டக், டக் என்று சத்தம் கேட்டது. ஹோல், வாசல், படி. மாடிக்கும் ஏறப் போனாள். அந்த ஒவ்வொரு டக்குக்கும் என்ன விலை என்று இப்போது எனக்குத் தெரியும்.

"போடாதடி" என்றேன்.

சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"நீ வர்ற நாள்ல மட்டுந்தான்க்கா எல்லாத்தையும் போடுவேன். அப்புறம் பத்து நாளைக்கு இருட்டுல கெடந்து அத ஈடு கட்டுவோம்."

"எதுக்குடி இந்த வேல?"

"நீ டீச்சர். வந்து நின்னு செவுரு செவுரா பாப்ப. பால் காய்ச்சின அன்னிக்கும் பாத்த. எனக்குக் கணக்கு பேப்பர் திருத்துற மாதிரியே இருக்கும். பயமா இருக்கும்க்கா."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையை மாற்றி எழுதினால் என்னை நல்லவள் என்று நினைப்பீர்கள், அதனால் இருந்தபடியே எழுதுகிறேன். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த பிறகுதான் என் வாய் திறந்தது.

"எனக்கு நூத்தி நாப்பத்தொன்னுடி."

"யூனிட்டா?" அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, அறுபதத் தாண்டலாமா? தங்கத்தையா வித்துக் கட்டுற?"

ஆமாம் என்று சொல்லவில்லை. வெறுங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். பார்த்தும் "பாவம்" என்று சொல்லவில்லை. போட்ட லைட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்து, எனக்கும் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எப்போது போடலாம், எதை எப்போதுமே போடக் கூடாது என்று, கணக்கில் கோட்டை விட்டவள் எனக்குச் சொல்லித் தந்தாள்.

அந்த வாரமே மேல்மாடியைப் பூட்டினோம். சுடுதண்ணி மெஷினை வந்த விலைக்குக் கொடுத்தோம். கீழே ஒரே அறையில் நானும் கணவரும் மகளும். "மாடி வீடு வாங்கி காம்பராவுல இருக்கிற குடும்பம் பதுளையிலயே நாமதான்" என்று கணவர் சிரித்தார். இல்லை, இன்னொரு குடும்பமும் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு மாதத்தில் காப்பு கைக்குத் திரும்பி வந்தது. வாடகைக்கு விடும் பேச்சு அதன் பிறகு வீட்டில் எழவில்லை.

இப்போது பில் வருகிற அன்று தங்கச்சி போன் பண்ணுவாள். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

"எத்தன?"

"அம்பத்தெட்டு" என்றேன் போன மாதம், பெருமையாக.

"பரவால்லையே. எனக்கு அம்பத்தி நாலு."

போனை வைத்துவிட்டு நேராகப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். மகளைப் பாயோடு ஜன்னல் பக்கம் நகரச் சொன்னேன், வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு மாதம் முழுக்கக் கணவரின் கடைச் சட்டைகளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் மடிப்பு எடுத்தோம்.

இந்த மாதம் ஐம்பத்தொன்று. அவள் கூப்பிடும் வரை பொறுக்க முடியாமல் நானே போன் பண்ணிச் சொன்னேன்.

"என்னடி, பேச்சே இல்ல?"

"ஒன்னுமில்லக்கா" என்றாள். "தலவலி."