கதவில் ஒட்டிய காகிதங்கள்

என் வாழ்நாளில் நான் செய்தது ஒரே ஒரு அலமாரி. நல்ல அலமாரி. செய்தவனே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான்; வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி, எங்கள் மகள் மூவரும் இந்த நாட்டுப் பிரஜைகள் என்று பதிந்துகொள்ள எங்களிடம் இருந்த காகிதங்கள் அத்தனையும் அந்த அலமாரியில்தான் பாழாய்ப் போயின. பாழாக்கியதும் அதைச் செய்த இதே கைதான். எலியைக் குறை சொல்ல முடியாது, மழையையும் குறை சொல்ல முடியாது.

அப்போது இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதற்கு முன்னால், அடுப்பு வைக்க, ஒரு இஸ்தோப்பு, திண்ணை மாதிரி. சமையல் புகை முழுவதும் காம்பராவுக்குள் வந்து குடியிருக்கும். துணிமணி கொடியில் தொங்கும். அரிசித் தகரத்தின் மேல் மகளின் சிலேட்டு, சிலேட்டின் மேல் சாமி படம், சாமி படத்துக்குப் பின்னால் சீப்பு. ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும்.

ஒருமுறை என் மனைவியைத் தோட்டத்துத் தொரையின் பங்களாவைக் கழுவித் துடைக்க அனுப்பினார்கள். அங்கே சுவரோடு சுவராகப் பொருத்தியிருந்த அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தாள். கதவைச் சாத்தினால் வீட்டில் ஒரு சாமானும் இல்லாத மாதிரி இருக்குமாம். ஒரு வாரம் இதே பேச்சு. பங்களா வேறு லயம் வேறு என்று எரிந்து விழுந்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "பொட்டி பொட்டியா தொரைக்கு அடிச்சுக் குடுக்கத் தெரியுது. நமக்கு ஒரு கதவு போடத் தெரியாதாங்க?" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. என் வேலையே அதுதான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் அனுப்புகிற பெட்டிகளை அடிப்பவன் நான். நாலு மூலைக்கும் சட்டம் வைத்து, பலகை பொருத்தி, தகரப் பட்டி போட்டு, உள்ளே ஈயத்தாள் விரித்துக் கொடுத்தால், அந்தப் பெட்டி கடல் தாண்டிப் போய்ச் சேரும்வரை ஈரம் உள்ளே போகாது. என் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட பலகைகளை வாங்கி வந்தேன். தொரையிடமும் சொல்லித்தான் சுவரில் ஆணி அடித்தேன். லயத்துச் சுவரில் ஆணி அடிக்கவும் உத்தரவு வேண்டும். பிணைச்சலும் திருகாணியும் கந்தப்பளை நானா கடையில் வாங்கியது. லயத்தில் அலமாரியா என்று நானா சிரித்தார். பிறகு பித்தளைப் பிணைச்சலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

சுவர் நேராக இருந்தால் எவனும் அலமாரி செய்வான். எங்கள் காம்பராச் சுவர் மேலே போகப்போக உள்ளே சாய்ந்திருந்தது. தரை வாசல் பக்கமாகச் சரிந்திருந்தது. ஒரு பக்கக் காலை இரண்டு விரற்கடை உயர்த்தி, பின்பலகையைச் சுவரின் சாய்வுக்கே இழைத்து, அந்த மூலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் நிற்காத ஒரு அலமாரியைச் செய்தேன். அடித்தட்டில் அரிசித் தகரமும் மாவும். அதற்கு மேலே துணி. பக்கத்தில் ஒரு சந்து விட்டேன், கொழுந்துக் கூடையும் கம்பளியும் செருக. ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கதவு. அதைச் சாத்தியதும் காம்பரா ஒரு சாண் பெரிதான மாதிரி இருந்தது. என் மனைவி கதவைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். எனக்கு அது போதும்.

அதே காலத்தில்தான் நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் வந்திருந்தது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எங்கள் பாட்டன்மார்தான்; இங்கேயே பிறந்தவர்கள் நாங்கள். கடலை நானும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. பிறகு இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்தோம் என்று காட்டினால் பிரஜாவுரிமை தருவார்களாம். எங்கள் தொழிற்சங்கத்தில் முதலில் வேண்டாம் என்றார்கள், பிறகு எல்லாரும் எழுதிப் போடுங்கள் என்றார்கள். போட்டோம். மகள் படிப்பில் கெட்டி. டீச்சராக வேண்டும் என்பாள். பிரஜாவுரிமை இல்லாதவளுக்கு அந்த வேலை கனவிலும் கிடைக்காது, கொழுந்துக் கூடைதான். அதனால் அந்தக் காகிதங்கள் எங்களுக்கு உயிர்.

ஐந்து காகிதங்கள். மூன்று பேருக்கும் பிறப்புப் பத்திரம், எங்கள் கல்யாணப் பத்திரம், அப்புறம் ஒரு பெரிய கடுதாசி. நான் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போன வலப்பனைப் பக்கத்துப் பழைய தோட்டத்தின் தொரை, நான் அங்கே இருந்ததற்குச் சாட்சியாகக் கொடுத்தது அது. மேலே அச்சடித்த பெயர், கீழே கையெழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கையெழுத்து இருந்தால் கடுதாசி முடிந்தது என்று நினைப்பவன் நான்.

எங்கள் லயத்து மூன்றாம் காம்பராக்காரர் தன் காகிதங்களை மூங்கில் குழாயில் சுருட்டிக் கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார். எலி அதைக் கடித்துக் குதறி, உள்ளே குட்டி போட்டிருந்தது. கூட்டத்தில் சங்கத் தலைவர் அந்தக் கதையைச் சொல்லி, காகிதம் போனால் ஆள் போன மாதிரி, எலி புகை மழை எதுவும் தொடாமல் பத்திரமாக வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் தலையாட்டியதோடு நிற்கவில்லை.

பங்களாவில் மர வேலைக்கு வந்திருந்த சிங்களத் தச்சு பாஸ் ஒருவரிடம் பழக்கம் பிடித்து, மீந்துபோன வார்னிஷை ஒரு தகரத்தில் வாங்கி வந்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். ஒரு வெள்ளிக்கிழமை, அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஐந்து காகிதங்களையும் சுருக்கம் இல்லாமல், வரிசையாக, மூலை மட்டம் பார்த்து ஒட்டினேன். அவள் குளித்துவிட்டு வந்து, நல்ல காரியம் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அது காய்ந்ததும் மேலே இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தேன். தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். உருண்டு ஓடியது.

லயமே வந்து பார்த்தது. இரண்டு பேர் தங்கள் காகிதங்களையும் அப்படியே ஒட்டித் தரச் சொன்னார்கள். சரி என்றேன். வார்னிஷ் தீர்ந்துவிட்டதால் அவர்கள் தப்பித்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும்.

மகள் எழுத்துக் கற்றதும் அந்தக் கதவில்தான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் பேரைத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். வார்னிஷ் மேல் அவள் விரல் தடம் படியும், நான் துடைப்பேன்.

வருஷங்கள் போய், விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். எல்லாப் பத்திரத்தின் மூலத்தையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைப்பது என்றால் என்ன என்று கேட்டேன். கையில் கொடுத்துவிட்டு வருவது என்றார். என் முகத்தைப் பார்த்து, காகிதம் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். தொலையவில்லை ஐயா, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேத்தலின் ஆவியைக் காட்டிப் பார்த்தேன். ஈரத்துணியை வைத்துப் பார்த்தேன். இருப்பதிலேயே சின்னக் காகிதத்தில் தொடங்கலாம் என்று மகளின் பிறப்புப் பத்திரத்தில் சவரக் கத்தியை விட்டேன். வார்னிஷ் தனியாக, எழுத்து தனியாக, காகிதம் பொடிப்பொடியாக வந்தது. மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி அடித்தே பழகிய கை. ஒட்டினால் பிரியக்கூடாது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கத்தியை வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

என் மனைவி கத்தியைத் தேடி எடுத்து மேல்தட்டில் வைத்தாள். பிறகு, "கதவக் கழட்டுங்க. அப்படியே தூக்கிட்டுப் போவோம். கண்ணால பாத்துக்கிடட்டும்" என்றாள்.

கதவைக் கம்பளியில் சுற்றி, ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு கந்தப்பளைக்கு இறங்கினோம். கூரையில் போடச் சொன்னார் பஸ் கண்டக்டர். தூறல் விழுந்துகொண்டிருந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பின்பக்கம் நிறுத்தி வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தோம். எங்கே புது வீடு கட்டுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நுவரெலியாவில் என்றேன். பஸ்ஸே சிரித்தது. எரிச்சலில் நானும் சிரித்துவைத்தேன்.

விசாரணை நடந்த அரசாங்கக் கந்தோரில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் மடியிலும் முந்தானையிலும் காகிதம் வைத்திருந்தார்கள். நாங்கள் கதவு வைத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் கம்பளியைப் பிரித்துக் கதவை மேசைக்கு எதிரே நிமிர்த்தி வைத்தேன். விசாரிக்கும் அதிகாரி கெட்டவர் இல்லை. எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலால் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

இந்தச் சிவப்பு அடையாளம் என்ன என்று முதல் கேள்வி. வருஷம் எழுதிய இடத்தில் விழுந்திருந்த குங்குமம் வார்னிஷில் கரைந்து இலக்கத்தை மூடியிருந்தது. திருத்தியிருக்கிறதா என்று கேட்டார். பொட்டு என்று சொன்னாள் என் மனைவி. மகளின் பத்திரத்தில் பாதி எங்கே என்றார். உரிக்கப் போய்க் கிழிந்ததைச் சொன்னேன். அதற்கெல்லாம் பதிவுக் கந்தோரில் மறுபிரதி எடுக்கலாமாம். பெரிய கடுதாசியிடம் வந்ததும் நின்றார். அதன் கடைசி வரியை வாசித்துவிட்டு, பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார்.

பின்பக்கம் பலகையோடு ஒட்டியிருந்தது. இந்த ஆள் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை தோட்டத்தில் இருந்தான் என்கிற விவரமும் முத்திரையும் பின்பக்கத்தில், என்று அந்தக் கடைசி வரி சொன்னதாம். ஒட்டுவதற்கு முன்னால் அங்கே நாலைந்து வரி கிறுக்கல் இருந்ததைப் பார்த்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. கிளாக்கர் எழுதிய குறிப்பு என்று நினைத்து அதன் மேல்தான் பசையைத் தடவியிருந்தேன்.

அந்தத் தொரையிடம் மறுபடி எழுதி வாங்கச் சொன்னார். தொரை சீமைக்குப் போய்விட்டார், தோட்டமும் துண்டு துண்டாக விலைபோய்விட்டது என்றேன். கதவை வைத்துக்கொண்டு, பலகையை அறுத்தாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்க்காமல், "பைலுக்குள்ளே கதவை வைக்க முடியாது என்று ஐயா சொல்றார். கொண்டு போகட்டாம்" என்றார்.

திரும்பி ஏறிவரும் பாதையில், கதவைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம் என்று என் முனையைக் கீழே போட்டேன். அவள் தன் முனையை விடவில்லை. "கதவு என்னங்க செஞ்சிச்சு? தூக்குங்க, தூறல் பெலக்குது" என்றாள். தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் பழைய திருகாணிகளைப் போட்டே மாட்டினேன். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

சில மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. மகள்தான் வாசித்தாள், அதற்குள் அவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அடுத்த வருஷமே பள்ளிக்கூடம் நின்றது. பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெயர்களோடு அவள் பெயரும் சேர்ந்தது. அலமாரியின் சந்தில் இரண்டாவது கூடையும் செருக இடம் இருந்தது. அகலமாகத்தான் விட்டிருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பேசி எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. பிரஜாவுரிமை கிடைக்காதவர்கள் இந்தியாவுக்கு எழுதிப் போடலாம் என்றார்கள். எந்த ஊர் என்று எழுதுவது? அப்பா எப்போதோ சொன்ன ஒரு பெயரை எழுதினேன். அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. முன்பு வந்த மறுப்புக் கடிதம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தை நான் எதிலும் ஒட்டவில்லை. வந்த அன்றைக்கு மேல்தட்டில் போட்டதுதான். பிறகு ஒருநாளும் நினைக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். எலி தொடவில்லை, ஈரம் ஏறவில்லை, புகையின் மஞ்சள்கூட இல்லை. என் அலமாரி அதை அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தது. இந்தியாவுக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தவர் அதை வாங்கி விரித்து, இவ்வளவு நல்லாக் கடுதாசியை வைத்திருக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.