கணக்குக் கேட்காத காசு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்குத் 'துணியக்கா' என்று பெயர். வீடு வீடாகப் போய்ப் பழைய பருத்தி விரிப்பு கேட்பாள். துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகை அறுக்காது. புதுத்துணி அவர்களுக்கு உப்புத்தாள். கணவன் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தபோது கற்றுக்கொண்டது இது. அவன் போன பிறகும் அவள் கை சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு அலுவலகத்தில் பெருக்கித் துடைப்பாள். மதியத்துக்கு மேல், கிடப்பவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, புண்ணுக்கு மருந்து வைப்பாள். ஒரு பைசா வாங்கமாட்டாள். நான் எதிர்வீட்டுக்காரி. இவளுக்கு மட்டும் என்ன வேண்டுதலா என்று எனக்கே சில நாள் எரிச்சலாக வரும்.

எப்படியோ இது ஒரு அறக்கட்டளையின் காதுக்குப் போயிற்று. அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். துணியக்கா வீட்டில் நாற்காலி கிடையாது. என் வீட்டில்தான் உட்கார்ந்து பேசினாள்.

"வருஷத்துக்கு ஒரு தொகை உங்க பேர்ல போட்டுடுவோம்மா. எது சரின்னு தோணுதோ செய்ங்க."

"பில்லெல்லாம் எங்க கொண்டுவந்து குடுக்கணும்?"

"பில்லும் வேண்டாம், ரிப்போர்ட்டும் வேண்டாம். நாங்க உங்கள முழுசா நம்பறோம்."

துணியக்கா அழுதுவிட்டாள். வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

தண்ணீர் மெத்தைகள் வந்தன, பஞ்சும் கையுறையும் பெட்டி பெட்டியாக வந்தன. கூடவே பேச்சும் வந்தது.

"கணக்கே கேக்காம எவனாவது காசு குடுப்பானா? தேன் எடுத்தவன் புறங்கைய நக்காமயா இருப்பான்?"

ஆரம்பித்து வைத்தவர் மூன்றாம் மாடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர். பேச்சிழந்து கிடக்கும் அவருடைய அம்மாவைத்தான் துணியக்கா வருடக்கணக்காகக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு துணி கேட்டுப் போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்: "அதான் ட்ரஸ்ட் குடுக்குதே, புதுசா வாங்கிக்க வேண்டியதுதானே?" நைந்த துணியை எந்தக் கடையில் போய் வாங்குவது? ஒருநாள் கடைக்காரர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே வர வேண்டாம். எங்கம்மாவக் காட்டி நீ சம்பாதிக்க வேண்டாம்."

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள்.

"அம்மா, என்கிட்ட ஒரு கணக்காவது கேளுங்க. வந்து நாலு வீட்ல விசாரிங்க. நீங்க கேட்டீங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

"ஐயோ, அது உங்கள அவமதிக்கிற மாதிரி ஆயிடும்மா. எங்க கொள்கையே அது இல்ல."

"பரவாயில்லம்மா, அவமதிங்க."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். இவர்கள் நம்பினால் போதுமா? அவளுக்குக் கதவைத் திறக்க வேண்டியவர்கள் இவர்களா?

மிச்சப் பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பழி போய்விடும் என்று நினைத்தாள், பாவம். அன்று சாயங்காலமே படிக்கட்டில் கேட்டது: "மாட்டிக்கிட்டா! இல்லேன்னா எதுக்குத் திருப்பிக் குடுக்கறா? எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்கற கதைதான்." நான் இரண்டு பேரோடு சண்டை போட்டேன். பிரயோஜனமில்லை. மற்ற வீட்டுக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

சில மாதம் கழித்துக் கண்ணாடிக் கடைக்காரர் இறங்கி வந்தார். அம்மாவின் முதுகுப் புண் எலும்புவரை போயிருந்தது. சம்பளத்துக்கு வைத்த ஆள் நாளுக்கு ஒருதரம்கூடப் புரட்டவில்லையாம்.

"கொஞ்சம் வந்து பாரு," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

போனாள். வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு நானும் போனேன். நாற்றம் தாங்கவில்லை. துணியக்கா முகம் சுளிக்காமல் கழுவி, சீழ் எடுத்து, கட்டுப் போட்டாள். அந்த அம்மாள் அவள் விரலைப் பிடித்த பிடியை விடவேயில்லை. எல்லாம் முடிந்ததும் கடைக்காரர் பர்ஸை எடுத்தார்.

"சும்மா செஞ்சதாலதான் ஊர் நாலு விதமாப் பேசிச்சு. ஒரு தரத்துக்கு இவ்வளவுன்னு சொல்லிடு. எல்லாருக்கும் நல்லது."

காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்தபடி ஒரு தொகையைச் சொன்னாள். அவருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது.

"அப்ப நாளைக்கும் வந்துடுங்க," என்றார். அந்த 'ங்க' புதுசு.

இப்போது அவளை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. கொடுக்க முடிந்த மூன்று வீட்டுக்குப் போகிறாள், கூலியை வாங்கிக்கொள்கிறாள். நேற்று கீழ்த்தளத்து மூட்டை தூக்குகிறவரின் மனைவி படிக்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, படுத்தே கிடந்து எங்க வீட்டுக்காரர் முதுகு கறுத்துப் போச்சு. ஒரு நடை வந்து பாருங்கக்கா. குடுக்கத்தான் ஒண்ணும் இல்ல."

துணியக்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சும்மா வந்தா மறுபடி திருடின்னு சொல்லுவாங்க. வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள்.