சித்தப்பாவின் ஆவேசம்

ஐம்பதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்த எங்கள் தமிழ்க் குடும்பத்தார் கூடி ஆண்டுதோறும் சாஸ்தா ப்ரீதி நடத்துவார்கள். மண்டல காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை முழுக்க ஐயப்பன் மீது பாட்டு, பகலில் பந்தி. பாட்டு சூடு பிடிக்கும்போது கூட்டத்தில் ஒருவருக்கு ஆவேசம் வரும். சாஸ்தாவே அவருக்குள் இறங்கிவிட்டதாக எல்லோரும் கும்பிடுவார்கள். எங்கள் நாளில் அது சித்தப்பாவுக்குத்தான் வந்தது.

சித்தப்பா யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தார். கல்யாணமாகவில்லை. யாராவது அதட்டினால் பதில் சொல்வதற்குள் எச்சில் விழுங்குவார். காய்கறிப் பையை அவரிடம் நீட்டும்போது அப்பா அவர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். அந்த ஒரு நாள் மட்டும் அதே அப்பா தம்பியின் முன்னால் கைகட்டி நின்று விபூதி வாங்கிக்கொள்வார்.

"அந்த நேரத்துல அவருக்கு நெருப்பை வெச்சாலும் தெரியாது, கேட்டியா" என்பாள் அம்மா.

எதையும் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் ஏழாவது படித்த வருஷம் சயன்ஸ் மாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனேன்.

ஜால்ரா உச்சத்தில் இருந்தது. சித்தப்பா உடம்பு குலுங்க எழுந்தார். கும்பிடுகிறவர்களோடு நானும் குனிந்து, காலைத் தொடுவதுபோல் கணுக்காலுக்கு மேலே ஊக்கைச் செலுத்தினேன்.

"ஐயோ" என்றார் சித்தப்பா, கிடங்கில் மூட்டை இடித்தால் சொல்கிற அதே குரலில்.

பாட்டு நின்றது. ஊக்கை அவர் காலிலேயே விட்டுவிட்டு நான் கூட்டத்துக்குப் பின்னால் ஓடினேன். பின்வரிசையில் யாரோ, "சாஸ்தாவுக்கு ஊசின்னா பயமாக்கும்" என்றார். சிரிப்பு பரவியது. அப்பா சிரிக்கவில்லை. "போறும். போய் இலை போடு" என்றார் தம்பியிடம். சித்தப்பா போய் இலை போட்டார்.

அடுத்த வருஷம் ஆவேசம் வேறொருவருக்கு வந்தது. சித்தப்பா பந்தியில் பாயசம் பரிமாறினார். அதற்குப் பிறகு பாட்டு நடக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஊக்கால் குத்தியதை, சின்னப் பையன்தானே என்று எனக்கு நானே எப்போதோ மன்னித்துக்கொண்டேன். மறுநாள் செய்ததை அப்படி விட முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா என்னைப் படகு ஜெட்டியருகே ஒரு சாயாக்கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கு நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கித் தந்தார். நான் விட்டுவிட்டு ஓடிய ஊக்கைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். அடி விழும் என்று காத்திருந்தேன்.

"வலிச்சுதுடா, நெஜம்தான்" என்றார். "ஆனா அவர் போகலை. வலிக்கறச்சேயும் உள்ளே இருந்தார். எல்லாரும் சிரிச்சாளே, அப்பவும் இருந்தார். நீ படிக்கறவனாச்சே, சொல்லு. வலிச்சதுனால அவர் இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆமாம் சித்தப்பா. அது வெறும் நெனைப்பு. உள்ளே தோணறதெல்லாம் சாட்சியாகாது."

"பசியும் உள்ளேதானேடா தோணறது?"

"பசிக்குச் சோறுன்னு ஒண்ணு வெளியே இருக்கே."

சித்தப்பா சாயாவை ஆற்றினார். "அதுவும் சரிதான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எத்தனையோ படித்த பிறகும் அவர் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. பசி இருப்பதே சோற்றுக்குச் சாட்சி என்று அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாதம் தெரியாது, உள்ளே இருந்தது மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு பையனிடம் வந்து கேட்கிறார் என்றால், கேட்க அவருக்கு வேறு ஆளில்லை என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு பழம்பொரி கேட்டேன். வாங்கிக் கொடுத்தார்.