நான் ஜெயித்த நான்காவது ஆட்டம்

பழைய வீடியோ கேம் என்றால் எனக்குச் சண்டை கேம்தான். ரேஸ்கூடப் பரவாயில்லை. மேலேயிருந்து விழுகிற கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்ஸுக்கு நான்தான் செக்ரட்டரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி டிரைவர் நிலத்தடித் தொட்டியான சம்பில் குழாயைப் போட்டுவிட்டு, தரைத்தளத்தில் என் வீட்டு வாசலில் நின்று, டிவியில் நான் ஆடிக்கொண்டிருந்த சண்டை கேமைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, கேசட் கேமா? கட்டை அடுக்குறது கீதா?”

சிரித்துக்கொண்டே கட்டை கேமைப் போட்டு, இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்தேன். அப்பப்பா, என்ன வேகம்! சந்துபொந்தில் லாரியை ரிவர்ஸ் எடுக்கிற கை இல்லையா? இண்டு இடுக்கு விடாமல் சொருகினார். மூன்று ஆட்டமும் தோற்றேன். என்னா விளையாட்டு இது! எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

“சம்பைப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று எழுந்தார்.

“அதெல்லாம் நிரம்பாது, உக்காருங்க! நான் ஜெயிச்சாதான் விடுவேன்!” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

நான்காவது ஆட்டம் சட்டென்று முடிந்தது. ஜெயித்துவிட்டேன்! துள்ளிக் குதித்தேன், காலடியில் சளக்கென்றது. சம்பு வழிந்து, தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்திருந்தது.

மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். ‘ஒரு சொட்டுகூட வீணாக்காதீர்கள்’ என்று நோட்டீஸ் ஒட்டியவனே நான்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“எம்மேலதாங்க தப்பு. நான் கவனிக்கல.”

ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். நான் ரிமோட்டும் கையுமாக நின்றேன்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. சம்பைப் பார்க்க ஓடுவதற்காகவே நான்காவது ஆட்டத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் நான் அப்படிக் குதித்தேன்.