என் தை மாதக் கல்யாணமும் டில்லி உத்தியோகமும்

போன புதன்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லப்பைக்குடிகாட்டு ஜவுளி வியாபாரி. இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவராம். பத்திரிகையில் போடுகிற படத்தைவிட நேரில் ஒல்லியாக இருக்கிறேன் என்றார். சரி, போகட்டும்.

“தை மாசம் கல்யாணம்னு எழுதியிருந்தீங்களே... இன்ஷா அல்லா, நானும் வரேன். விருந்து எங்கங்க, அரியலூர்லயா, குன்னத்துலயா?” என்று கேட்டார்.

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ் ஒன்று பக்கத்தில் புகை விட்டுக்கொண்டு நின்றது. புகையைச் சாக்கிட்டு இருமினேன். எத்தனை நேரம்தான் இருமுவது?

ஆகவே அவருக்கும், வாழ்த்து எழுதிய வாசகர்களுக்கும், முன்கூட்டியே வெள்ளிக் குங்குமச் சிமிழ் அனுப்பிவிட்ட தஞ்சாவூர் அம்மாளுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் எனக்குக் கல்யாணம் இல்லை. சிமிழ் தபாலில் திரும்பி வருகிறது. காரணம் — டில்லி சர்க்கார்.

நம்ப மாட்டீர்கள். முதலில் நானே நம்பவில்லை.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பூர்வீகம். குன்னத்தில் என் தாய்மாமன் இருக்கிறார். கரிசல் காடு, பருத்தி, சோளம், பெரிய மீசை. அவருடைய ஒரே பெண் மரகதம். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. முடித்தவள். நான் அரியலூரில் அம்மாவோடு இருக்கிறேன். பகலில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. பொழுது சாய்ந்தால் உங்கள் எழுத்தாளன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகள் என்றால் முறைப்பெண். பிறந்த அன்றே பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். முறைப்பையன் ஒருவன் இருக்கிறவரை வேறு யாரும் தட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏற முடியாது. பெண் மாட்டேன் என்றால் மாமாவுக்குத் தலைகுனிவு. மாமா மாட்டேன் என்றால் கூடப்பிறந்த தங்கையோடு உறவு அறுந்துபோகும். நான் மாட்டேன் என்றால்...? நான் எதற்கு அப்படிச் சொல்லப் போகிறேன்? எனக்கென்ன பைத்தியமா?

இந்த இடத்தில்தான் டில்லி சர்க்கார் உள்ளே நுழைந்தது.

சுதந்திரம் வந்துவிட்டது. நமக்காக லண்டன்காரன் பேசிய காலம் முடிந்தது. இனி ஒவ்வொரு தேசத்திலும் நமக்கென்று தூதர்கள் உட்கார வேண்டும். அதற்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறார்கள். பெண்களும் எழுதலாமாம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரகதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். மரகதம் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். அந்தப் பரீட்சைக்கு மனுப் போட்டிருக்கிறாள். கார்த்திகையில் மெட்ராஸ் போய் எழுத வேண்டும். படிக்கிற காலத்திலிருந்தே, தினம் பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியைத்தான் முதலில் புரட்டுவாளாம். நம் தேசத்தின் பேரைச் சொல்லி இன்னொரு தேசத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் — அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். கல்யாணமான பெண்ணை அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்களாம். எடுத்த பிறகு கல்யாணம் செய்துகொண்டாலும் வேலையை விட்டுவிட வேண்டுமாம்.

ஆண்களுக்கும் அதே சட்டமா என்று கேட்டேன். இல்லையாம். ஆண் தூதர் என்றால் மனைவி இருப்பது நல்லதாம்... விருந்துக்கு வருகிறவர்களைக் கவனிக்க ஆள் வேண்டுமல்லவா?

“நான் உங்கள வேணாம்னு சொல்லல அத்தான். நீங்க என்ன முடிவு பண்ணாலும் கேட்டுக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பத்திரிகைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். “இது நீங்க எழுதுனதுதானே?”

நான் எழுதியதுதான். ஆடி மாதம் இதே பக்கத்தில் பெண் விடுதலையைப் பற்றி வெளுத்து வாங்கியிருந்தேன். நீங்கள்கூடப் பாராட்டி எழுதினீர்கள். கடைசியில், விடுதலையை அவரவர் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும், நான் என் வீட்டிலிருந்தே தொடங்குவேன் என்று வேறு எழுதித் தொலைத்திருந்தேன். அந்த வரியின் கீழே மரகதம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

ஒரு எழுத்தாளன் என்ன செய்வான்? எழுந்து நின்றேன். “உன்னை நான் விட்டுக் கொடுக்கிறேன் மரகதம். உன் மேல் ஒரு பழி வராமல் ரெண்டு பக்கத்திலும் நானே பேசிக்கறேன்” என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அவள் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படிப் புகையாகவும் இருக்கலாம். நான் ஆராயவில்லை.

அன்றிலிருந்து நான் தியாகி. முகச்சவரத்தை நிறுத்தினேன். ஆகாயத்தைப் பார்த்தபடி நடந்தேன். கேஸ் விஷயமாக ஆபீஸுக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று ரகசியமாக விசாரித்தார்.

தியாகம் செய்வது சுலபம். அதை அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் முந்திக்கொண்டு மரகதத்தைப் புகழ ஆரம்பித்தாள். அண்ணன் மகள் ரொம்ப உயரம், ரொம்பப் படிப்பு என்று அதுவரை குறை சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று, அப்படி ஒரு பெண் ஏழு ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது என்றாள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? மென்று முழுங்கினேன்.

ஐப்பசி பிறந்ததும், குன்னம் போய்க் கல்யாணத் தேதி குறித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று அம்மாவே கிளம்பினாள். பல் பிடுங்கப் போகிறவள் மாதிரி முகம் இருந்தது. வழியில் ஒரு மேட்டில் கரி பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சொந்தக் கல்யாணத்தை நிறுத்தப் போகிற பஸ்ஸை வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிய மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குன்னத்தில் மாமா தெருமுனைக்கே வந்து வரவேற்றார். எனக்குத் திக்கென்றது. வழக்கமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். உள்ளே கோழி கொதிக்கிற வாசனை. இந்த ரேஷன் காலத்தில் நெல்லுச்சோறு வேறு. மனிதர் இவ்வளவு ஆசையாக இருக்கிறாரே, இவரிடம் எப்படிச் சொல்வேன் என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பஞ்சாங்கத்தை விரித்தோம். பையன் தங்கம் என்றார் மாமா. பெண் தங்கம் என்றாள் அம்மா. இரண்டு பேரும் தங்கம் என்று நானும் சொல்லி வைத்தேன். சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

தை முதல் முகூர்த்தம் மாமாவுக்கு ஒத்துவரவில்லை. பருத்தி எடுக்க வேண்டும். அடுத்தது அம்மாவுக்கு ஆகவில்லை, ஏதோ வேண்டுதல். அதற்கடுத்தது எனக்கு ஆகவில்லை. கோர்ட்டில் கேஸ் நெருக்கடி. மாசியில் தேர். பங்குனியில் பந்தலுக்கு ஆள் கிடைக்காது. சித்திரையில் வெயில். வைகாசியில் முழங்கால் வலி... யாருக்கு என்று ஞாபகமில்லை. யாரும் யாரையும் மறுக்கவில்லை. ஒருவர் சொன்ன சாக்கை மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்று அள்ளிக்கொண்டோம். பஞ்சாங்கம் தீர்ந்துபோகிற நிலைக்கு வந்துவிட்டது.

அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“என்ன மன்னிச்சிடுண்ணே. எம் மவன் கப்பலேறிப் போயி, கண்ட எடத்துல கண்டதத் தின்னுக்கிட்டு, பொண்டாட்டி மீட்டிங்குக்குப் போனா வாசல்ல பையத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா? என்னால முடியாதுண்ணே. இந்தச் சம்பந்தம் வேணாம்.”

மாமாவின் முகத்தில் பளிச்சென்று ஒரு சந்தோஷம் வந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டார். “அப்ப எம் பொண்ணு வேணாம்ங்கிறியா” என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கோபக்காரர் ஒருவர் துண்டை உதறி இவ்வளவு குஷியாகத் தோளில் போட்டு நான் பார்த்ததில்லை.

“நானும் அதச் சொல்லத்தான் வந்தேன் மாமா” என்றேன். என் தியாகம் யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மாமா மெதுவாக ஒப்புக்கொண்டார். அடுத்த ஊர் மிராசுதார் ஒருவரின் மகன் தாசில்தார் ஆகிவிட்டான். அன்றிலிருந்து கோயில் திருவிழாவில் அந்த மிராசுதார் மாமாவுக்கு முன்வரிசையில் உட்காருகிறார். ஒரு நாள் மாமாவுக்குச் சாதம் போட்டுக்கொண்டே மரகதம், “ஏம்ப்பா, ஒரு தூதர் உள்ள வந்தா தாசில்தார் எந்திரிச்சு நிக்கணுமில்ல?” என்று சும்மா கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மகளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் அந்தத் தாசில்தாரை யார் எழுப்புவது? ஆனால் தங்கைக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே என்று உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவிடம்? அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில், “நான் வெளிநாட்டுல ஆபீஸ் போயிட்டா அத்தானுக்கு யாரு அத்த சமைச்சுப் போடுவா?” என்று கவலையாகக் கேட்டிருக்கிறாள்.

கல்யாணம் ஆனால் வேலையே கிடையாதே, அப்புறம் என்னை எந்தக் கப்பலில் ஏற்றுவது? இது எனக்குச் சட்டென்று உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் மரகதம் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டாள். மாமாவின் ஆசையும் அம்மாவின் பயமும் என்னுடைய பெருமையும் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன.

மூவரும் ஒரே சமயத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பினோம். நிலைப்படியில் மரகதம் நின்றிருந்தாள்.

“குழம்பு ஆறுது. சாப்பிட வாங்க” என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் வெற்றிலை பாக்குத் தட்டை மாமாவிடம் கொடுத்தேன். இந்தப் பெண் மேல் எனக்கு இனிப் பாத்தியதை இல்லை என்று முறைப்பையன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னேன். உறவு எங்கேயும் போய்விடாது என்று மாமா பெருந்தன்மையாக அம்மாவின் கண்ணீரைத் துடைத்தார். அம்மாவுக்கு மகன் மிஞ்சினான். மாமாவுக்குத் தூதர் மிஞ்சினாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்கு...? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மரகதத்தைப் பிடிக்கும். முறைப்பெண் என்பதற்காக இல்லை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு, இந்த வரி பொய், இந்த வரி நிஜம் என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான். நீங்கள் எல்லாம் பாராட்டுகிறீர்கள். அது வேறு.

பதினைந்து நாளைக்கு முன்னால் அரியலூர் ஸ்டேஷனில் அவளை மெட்ராஸுக்கு ரயில் ஏற்றிவிட்டோம். மாமாவும் துணைக்குப் போனார். பெண் பரீட்சை எழுதத்தான் போகிறாள். மாமா அதற்குள் பிளாட்பாரம் முழுக்கத் தூதர் போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நிற்காததில் அவருக்கு வருத்தம். அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டி, பரீட்சை எழுதுவதற்கு முன்னால் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று மருமகளாக வராதவளுக்குப் புத்தி சொன்னாள்.

மாமா தண்ணீர் பிடிக்கப் போனார். அம்மாவும் சற்று ஒதுங்கினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். அன்றைக்கு அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, முடியாது, எனக்கு நீதான் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?

மரகதம் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

“கட்டிக்கிட்டிருப்பேன் அத்தான். படிச்சதெல்லாத்தையும் மூட்ட கட்டி வச்சிட்டு, சந்தோஷமாத்தான் இருந்திருப்பேன்.”

ரயில் நகர்ந்துவிட்டது.

நிஜமாகத்தான் சொன்னாளா? இல்லை, பிளாட்பாரத்தில் தனியாக நிற்கப் போகிறவன் தோற்றவனாக வீடு திரும்பக் கூடாது என்று பார்த்துச் சொன்னாளா? பதினைந்து நாளாக யோசிக்கிறேன். காலையில் ஒரு மாதிரி தோன்றுகிறது, மாலையில் வேறு மாதிரி. எப்படித் தோன்றினாலும் நெஞ்சு வலிக்கிறது. கொஞ்சம் கர்வமாகவும் இருக்கிறது.

பரீட்சை முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். டில்லிக்காரர்கள் என்னைக் கேட்டால் இப்போதே சொல்லிவிடுவேன் — பாஸ்.