மசாலா மில் கொடுத்த நீளக்கைச் சட்டை

எங்கோ ஒரு காற்பந்துக் குழுவின் சட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு கம்பெனி இத்தனை மில்லியன் கொடுத்தது என்று பேப்பரில் வரும்போதெல்லாம் என் மகன் வாயைப் பிளப்பான். வெறும் சட்டைக்கா இவ்வளவு என்பான். எனக்கு அதில் ஆச்சரியம் கிடையாது. எண்பதுகளில் மலேசியாவில் பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது அப்படிப்பட்ட சட்டை ஒன்றைத் தேயத் தேயப் போட்டவள் நான். அது என்ன வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துக் குழுவின் கோல் கீப்பர். பகலில் ஸ்டோரில் நாங்கள் கொண்டுவரும் பாலை நிறுப்பார். சாயந்திரம் திடலில் விழுந்து புரளுவார். அந்த மனுஷனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, பந்து ஒன்றுதான். ஆனால் அவர்களுடைய குழுவுக்கு வட்டாரப் போட்டியில் ஆடும் யோகம் வாய்க்கவில்லை. பதினோரு பேரும் எண் போட்ட சீருடையில் வந்தால்தான் திடலில் இறக்குவார்களாம். எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு நிறத்தில் போய் நின்றார்கள், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் சோறு வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தோட்ட நிர்வாகம் கோல் கம்பமும் பந்தும் கொடுக்கும், சட்டை கொடுக்காது. தோட்டத்துக் கிளப் டிவியில் வெள்ளைக்காரன் ஆட்டம் பார்த்தபோதுதான் இவருக்கு யோசனை வந்தது. அங்கே எல்லார் நெஞ்சிலும் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. நெஞ்சில் பெயர் இருந்தால்தான் அது டீம், இல்லாவிட்டால் கூட்டம் என்று என்னிடம் வந்து சொன்னார். அவருக்கு அது விளம்பரமாகத் தெரியவில்லை, பட்டமாகத் தெரிந்தது. மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெடாஸில் கடை கடையாக ஏறி இறங்கினார். சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். துணிக்கடைக்காரர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். முடிதிருத்தும் கடைக்காரர் மட்டும், சட்டைக்கு வழியில்லை, பதினோரு பேருக்கும் இலவசமாக முடி வெட்டிவிடுகிறேன் என்றார். இவர் அதற்கும் சரியென்று சொல்லிவிட்டு வந்தார். டீம் அழகாக இருக்க வேண்டாமா என்று என்னிடமே கேட்டார்.

தீபாவளி நெருங்கியது. மல்லியும் மிளகாயும் அரைக்க நான் பெடாஸ் மசாலா மில்லுக்குப் போக வேண்டும். மூட்டை கனமாக இருந்ததால் அந்த ஒரு முறை அவர் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கினார். தோட்டத்து ஆண்கள் யாரும் அந்த மில்லின் வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்ததும் இவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. முதலாளி சிரம்பானில் வியாபாரக் குடும்பம், ஐம்பது வயது இருக்கும். அப்பா வைத்த மில்லை நடத்திக்கொண்டிருந்தார். பனியன் முழுக்க மஞ்சள் பொடி. இவர் தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே விஷயத்தைச் சொல்லி முடித்தார். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று முதலாளி கேட்டார். திடல் நிறைய என்றார் இவர். மூட்டையை அரைத்து முடிப்பதற்குள் பேச்சும் முடிந்துவிட்டது.

சட்டை முதலாளி செலவு. ஆனால் ஆட்டத்தன்று மட்டுமே போட வேண்டும், கறைபடாமல் வைத்திருக்க வேண்டும். தன் அப்பா பெயர் அதில் இருப்பதால் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, வியாபாரம் கூடினால் அடுத்த வருஷமும் தருவார்.

சட்டைகள் வந்தன. மஞ்சள் நிறம், கீப்பருக்கு மட்டும் விதிப்படி வேறு நிறம் வேண்டும் என்பதால் பச்சை. நெஞ்சில் கொட்டை கொட்டையாக அவருடைய அப்பா பெயர், அடியில் மசாலா மில், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு மிளகாய். எல்லாம் சரிதான், ஆனால் அத்தனையும் நீளக்கை. சிரம்பானில் ஏதோ கடையில் தேங்கிக் கிடந்த கனத்த துணிச் சட்டைகளை மொத்தமாக மலிவில் அள்ளிவிட்டார் மனுஷன். நாலு மணி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் அவிந்துபோனார்கள். எதிர்க் குழு இவர்களை வத்தல் என்று கூப்பிட்டது. ஆனாலும் பெயர் போட்ட சட்டையோடு திடலில் இறங்கிவிட்டார்களே, அந்தக் குஷி ஒரு வருஷமும் குறையவில்லை. இவர் சட்டையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார். கல்யாண வேட்டிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. பெண்கள் திடல் பக்கம் போகிற பழக்கம் கிடையாது. அங்கே நின்று ஆண்கள் பேசுகிற கெட்ட வார்த்தையைக் கேட்டால் காது அழுகிவிடும்.

ஆட்டங்கள் முடிந்து மழைக்காலம் வந்தது. மரம் வெட்டப் போகும் பெண்கள் கைலிக்கு மேலே ஆண்களின் பழைய நீளக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வோம். இல்லாவிட்டால் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். என்னுடையது ஒரு கிளையில் மாட்டித் தோளிலிருந்து கிழிந்தது. மறுநாள் விடியற்காலையில் மாற்றுச் சட்டை இல்லை. கொடியில் பச்சைச் சட்டை தொங்கியது. எடுத்து மாட்டிக்கொண்டேன். நெஞ்சில் மிளகாயை ஏந்திக்கொண்டு போக வெட்கமாக இருந்ததால் முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கிப் போட்டேன். எண் முன்னால் வந்தது, மில் முதுகுக்குப் போனது. கொசு கிட்டே வரவில்லை. அப்படி ஒரு சுகமான சட்டையை நான் அதுவரை போட்டதே இல்லை.

பால் நிறுக்கும் வரிசையில் என்னைப் பார்த்ததும் இவருக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து குதித்தார். முதலாளி பார்த்தால் டீம் கதை முடிந்தது என்றார். துவைத்துவிடுகிறேன் என்றேன். ஆனால் ரப்பர் பால் பட்ட துணி எதற்கு வெளுக்கும்? கறுப்புக் கறை அப்படியே நின்றது, மண்ணெண்ணெய் போட்டதும் இன்னும் பரவியது. கெட்டது கெட்டுப்போனது என்று நான் தொடர்ந்து போட்டேன். என்னைப் பார்த்து, பக்கத்து நிரையில், அதாவது அடுத்த மரவரிசையில், வெட்டுகிறவள் தன் புருஷனுடையதை மாட்டிக்கொண்டு வந்தாள். பிறகு ஒருத்தியின் அண்ணன் சட்டை, இன்னொருத்தியின் மகன் சட்டை. இரண்டே மாதத்தில் குழுவின் பதினோரு சட்டையும் காட்டுக்குள் வந்துவிட்டன. எல்லாரும் என்னைப் போலவே மிளகாயை முதுகுக்குத் தள்ளியிருந்தார்கள்.

இந்த நேரத்தில் முதலாளி ஆள் விட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து சட்டைகளைப் பார்த்துவிட்டு, இந்த வருஷத்துக்கு என்ன என்று முடிவு சொல்வாராம். இவர் முகம் செத்துவிட்டது. சனிக்கிழமை சாயந்திரம் எல்லாச் சட்டையையும் ஊறவைத்துத் தேய்ப்பது என்று ஏற்பாடு. மறுபடி அவர் சுவரைப் பார்த்து உட்காரப்போகிறார், இந்தத் தடவை என்னால்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் என்று முதலாளி சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். அதுவும் சரியாகப் பால் நிறுக்கும் நேரத்துக்கு. வாளிகளோடு நாங்கள் வரிசையில் நின்றோம். ஸ்டோர் வாசலில் காரை நிறுத்தி இறங்கியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிழிந்தும் கறுத்தும், ஈக்கள் மொய்க்க, அவர் கொடுத்த சட்டைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இவர் தராசை விட்டுவிட்டு வந்து தலைகுனிந்து நின்றார். யார் போடச் சொன்னது என்று முதலாளி மெதுவாகத்தான் கேட்டார். இவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, தன் தப்பு என்றார். அதைக் கேட்டபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வாளியை இறக்கி வைத்தேன்.

“நான்தான் மொதல்ல போட்டேன் மொதலாளி. அவர ஒன்னும் சொல்லாதீங்க.”

ஒரு வருஷம் திடலில் பெயர் காட்டியும் ஒரு பிடி மிளகாய் கூடுதலாக வரவில்லை, கடைசியில் சட்டைக்கும் இந்தக் கதியா என்று முதலாளி வருத்தப்பட்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மூட்ட எறக்க இவரு வந்த ஒரு தடவையத் தவிர, டீமுல இருக்கிற பதினோரு ஆம்பளைங்கள்ல ஒருத்தராச்சும் ஒங்க மில்லுக்கு மொளகா தூக்கிட்டு வந்திருக்காங்களா, சொல்லுங்க. திடல்ல நின்னு பாக்குறதும் ஆம்பளைங்கதான்லா. எந்த மில்லுல அரைக்கிறதுன்னு முடிவு பண்றது நாங்க.”

முதலாளி எங்களையே பார்த்துவிட்டு, கொஞ்சம் திரும்பச் சொன்னார். திரும்பினேன். மற்றவர்களும் திரும்பினார்கள். பின்னால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அதான் முதுகு முதுகுன்னு கேட்டாங்களா. ரெண்டு மாசமா தோட்டத்துல வேற வேற டிவிஷன் பொம்பளைங்க வந்து, முதுகுல எழுதியிருக்கிற மில்லு இதுதானாண்ணே, இதுதானாண்ணேன்னு உயிர எடுத்துட்டாங்க. நான் நெஞ்சுலதானே எழுதுனேன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன்.”

லாரியில் நாங்கள் ஏறும்போதும், நிரையில் முன்னும் பின்னுமாக நடக்கும்போதும், எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் அவர்கள். வியாபாரம் கூடியதை அவர் பார்த்திருக்கிறார், காரணம் தெரியாமல் பொங்கல் நேரம் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் கணக்குத் தப்பு என்று பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்ட முதலாளியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த மில் இருந்தவரைக்கும் என் மல்லி வேறு எங்கும் போகவில்லை.

அந்த இடத்திலேயே முடிவு சொன்னார். இந்த வருஷமும் சட்டை உண்டு. ஆனால் அது பெண்களுக்கு. அதே நீளக்கை, நெஞ்சில் ஒன்றும் கிடையாது. முதுகில் எண், எண்ணுக்கு மேலே மில் பெயர். ஆட்டத்தன்று வேண்டுமானால் ஆண்கள் பெண்களிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.

குழுவில் பெரிய ரகளை. பொம்பளைச் சட்டையைக் கடன் வாங்கி ஆடுவதா, தோட்டமே சிரிக்கும் என்று கேப்டன் பந்தைத் தூக்கி எறிந்தார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதை அன்று கிளப்பில் இருந்த எல்லாரும் பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

“சட்ட யாருதா இருந்தா என்னா? எனக்குத் திடல்ல எறங்கணும்.”

வீட்டுக்கு வந்து, ஒன்றாம் எண்ணைக் கொடுப்பாயா என்று என்னிடம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கூச்சத்தோடு கேட்டார். நானும் பிகு பண்ணிக்கொண்டேன். கிழியக் கூடாது, திங்கட்கிழமை எனக்கு வேலைக்கு வேண்டும், வேறு சட்டை கிடையாது என்று கறாராகச் சொன்னேன். தலையாட்டினார்.

முதல் ஆட்டம் லிங்கி பக்கத்துத் தோட்டத்தோடு. நாங்கள் பதினோரு பேரும் திடலுக்குப் போனோம். ஆட்டம் பார்க்க அல்ல, சட்டைக்குக் காவல். எங்களைப் பார்த்ததும் ஆண்கள் வாயில் வந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டார்கள். எதிர்த் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரும் துணிந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்கள். அது என்ன மில், கலப்படம் இல்லாமல் அரைப்பார்களா என்று ஒருத்தி கேட்டாள். என் குழம்பை வந்து தின்று பார் என்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, கோல் கம்பத்துக்கு முன்னால் முழங்கால் அளவு சேறு. முதல் பந்துக்கே இவர் அதில் விழுந்தார். என் சட்டை என்று பல்லைக் கடித்தேன்.

கடைசி நேரத்தில் எதிராளி ஒருவன் எல்லாரையும் தாண்டிப் பந்தோடு தனியாக வந்தான். மாடு மாதிரி உடம்பு. என் வீட்டுக்காரர் பின்னால் நிற்பார், கையை நீட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். இவர் ஓடிப்போய் அவன் காலடியிலேயே தலையைக் கொடுத்து விழுந்தார். பந்து அவர் நெஞ்சுக்குள் போய்விட்டது, அவன் அவர்மேல் உருண்டு அந்தப் பக்கம் விழுந்தான். எழுந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த மனுஷனோடா ஆறு வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று இருந்தது. கூச்சம் மானம் எல்லாம் போய், பக்கத்தில் நின்ற எதிர்த் தோட்டத்துக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவளும் என்னோடு சேர்ந்து கத்தினாள்.

சட்டை தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.